பழைய அனலாக் சிந்தசைசர் வாங்கலாமா? ரோலண்ட் ஜூனோ-106 பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய அனலாக் சிந்தசைசர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்க விரும்பி விசாரிப்பவர்களில் பெரும்பாலோர், எங்கெங்கோ தேடிவிட்டுக் கடைசியில் ரோலண்ட் ஜூனோ-106இல் வந்து நிற்கிறார்கள். என்னிடம் வரும் சந்தேகங்களும் திரும்பத் திரும்ப அதைச் சுற்றியே இருப்பதால், கேட்டவர்களின் வாசகத்தை முடிந்தவரை மாற்றாமல் இங்கே தொகுத்திருக்கிறேன். வேறு கருவி வாங்க நினைப்பவர்களுக்கும் சோதனை, மின்சாரம், பராமரிப்பு பற்றிய பகுதிகள் பெரும்பாலும் பொருந்தும்.

அனலாக் சிந்தசைசர்னா என்ன? வீட்டில இருக்கிற கீபோர்டுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

இன்று கடையில் கிடைக்கும் சாதாரண கீபோர்டு, ஏற்கெனவே பதிவு செய்யப்பட்ட பியானோ, வயலின், புல்லாங்குழல் ஒலிகளை நினைவகத்திலிருந்து எடுத்து ஒலிக்கிறது. அனலாக் சிந்தசைசரில் பதிவு செய்யப்பட்ட ஒலி எதுவும் கிடையாது. கட்டையை அழுத்திய கணத்தில் ஒரு மின்சுற்று அலைவடிவத்தை உண்டாக்குகிறது; ஃபில்டர் அதிலுள்ள மேல் அதிர்வெண்களைக் குறைத்துக் குணத்தை மாற்றுகிறது; அதன்பின் வரும் ஆம்ப்ளிஃபையர் அந்த ஒலி எவ்வளவு வேகமாக எழுந்து எப்படி அடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

ஜூனோ-106இன் முகப்புப் பலகையை இடமிருந்து வலமாகப் பார்த்தால் இந்த வரிசையே ஏறக்குறைய அப்படியே அச்சிடப்பட்டிருக்கும். ஒரு வேலைக்கு ஒரு ஸ்லைடர். ஒளிந்திருக்கும் மெனு எதுவும் இல்லை. புதிதாகக் கற்பவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதற்கு, இதன் புகழைவிட இந்தப் பலகையே முக்கியக் காரணம்.

அந்தக் காலத்துக் கீபோர்டு எல்லாமே அனலாக்தானே? எங்க மாமா வீட்டில டிஎக்ஸ்7 ஒண்ணு தூசி படிஞ்சு கிடக்கு.

இல்லை. 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7, ஓர் அலையால் இன்னொன்றை அசைத்து ஒலி உண்டாக்கும் எஃப்எம் முறையில் இயங்கும் முழு டிஜிட்டல் கருவி. 1987இல் வந்த ரோலண்ட் டி-50, 1988இல் வந்த கோர்க் எம்1 ஆகியவையும் டிஜிட்டல்தான். 1970இல் வெளியான மினிமூக், 1978இல் வெளியான புராஃபெட்-5, 1981இல் வந்த கோர்க் பாலிசிக்ஸ், 1982இல் வந்த ஜூனோ-6, ஜூனோ-60, 1984இல் வந்த ஜூனோ-106 போன்றவை அனலாக் வகை. நாற்பது வயதான கீபோர்டு எதுவாயினும் அதற்கு 'வின்டேஜ் அனலாக்' என்று பெயர் சூட்டி விற்பது வழக்கமாகிவிட்டது. மாடல் எண்ணைப் பார்த்துத் தேடினால் ஒரே நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

உங்கள் மாமா வீட்டு டிஎக்ஸ்7ஐ அதற்காகப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். அதுவும் நல்ல கருவிதான்.

எல்லாரும் ஏன் 106ஐயே சொல்றாங்க? ஜூனோ-60 இன்னும் நல்லா இருக்கும்னு கேள்விப்பட்டேன்.

ஒலியை மட்டும் வைத்துக் கேட்டால் ஜூனோ-60இன் பக்கம் பலர் சாய்வார்கள். பிடித்த ஸ்வரங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தானே வாசிக்கும் ஆர்பெஜியேட்டர் அதில் உண்டு, 106இல் இல்லை. ஆனால் கருவிகளையும் கம்ப்யூட்டரையும் ஒன்றோடொன்று பேசவைக்கும் மிடி இணைப்பு 60இல் கிடையாது. ரோலண்ட் நிறுவனம் மிடிக்கு முன் பயன்படுத்திய டிசிபி என்ற சொந்த இணைப்புதான் இருக்கிறது. ஒலி நினைவகமும் 56 மட்டுமே. 106இல் 128 ஒலிகளைச் சேமிக்கலாம், மிடி இருக்கிறது, ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் போர்ட்டமென்டோவும் இருக்கிறது. மிடி 1983இல் பொதுத் தரமாக வந்தது. ரோலண்டை நிறுவிய இகுதாரோ ககெஹாஷியும் சீக்வென்ஷியல் நிறுவனத்தின் டேவ் ஸ்மித்தும் அதற்காகவே 2013இல் தொழில்நுட்ப கிராமி விருது பெற்றார்கள். 106 அந்தத் தரத்தை ஏற்ற முதல் தலைமுறைக் கருவிகளில் ஒன்று.

பழுதுபார்ப்பு விஷயத்தில் 60க்கு ஒரு சாதகம் உண்டு. அதன் ஃபில்டர் சிப்கள் தனித்தனியாக வெளியே தெரியும்படி இருக்கின்றன. 106இல் அவற்றை ஒரு சிறு பலகையில் அமைத்துக் கறுப்புப் பூச்சுக்குள் மூடியிருக்கிறார்கள். அந்தப் பூச்சு செய்யும் தொல்லையைக் கீழே தனியாகச் சொல்கிறேன். எச்எஸ்-60 என்ற பெயரில் விற்கப்படுவது ஸ்பீக்கர் பொருத்திய 106தான். பெயர் பிரபலமாகாததால் சில சமயம் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

106இல் இருப்பது டிசிஓ, அதனால் அது அசல் அனலாக் இல்லை என்கிறார்களே?

இந்தச் சண்டைக்கு வயது நாற்பது. பழைய வகை ஆசிலேட்டரில், அதாவது அலையை உண்டாக்கும் மின்சுற்றில், மின்னழுத்தமே சுருதியைத் தீர்மானிக்கும். அறை வெப்பம் மாறினால் அந்த மின்சுற்றின் நடத்தையும் மாறும், சுருதி நகரும். டிசிஓ (டிஜிட்டலால் கட்டுப்படுத்தப்படும் ஆசிலேட்டர்) என்ற அமைப்பில் ஒரு டிஜிட்டல் எண்ணி, நிலையான கடிகாரத் துடிப்பை எண்ணிக்கொண்டிருந்து, 'இப்போது அலையை மறுபடி தொடங்கு' என்று சைகை மட்டும் கொடுக்கிறது. அந்தச் சைகைக்குப் பின் எழும் அலை, கெப்பாசிட்டர் ஒன்றில் மின்னேற்றம் நிரம்புவதால் உண்டாகும் அனலாக் அலையே. ஃபில்டரும் ஆம்ப்ளிஃபையரும் முழுக்க அனலாக்.

நடைமுறையில் இதன் பயன், ஸ்விட்சைப் போட்ட உடனே சுருதி சரியாக நிற்கும் என்பது. மினிமூக் போன்றவற்றைச் சூடேறும்வரை காத்திருந்து சுருதி சேர்க்க வேண்டும்; 106இல் அந்த வேலை இல்லை. குரலுக்குக் குரல் (ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரத்தை ஒலிக்கும் மின்சுற்றுக்குக் குரல் என்று பெயர்) இலேசாக விலகி நிற்கும் அந்தப் பழைய ஒலிதான் வேண்டும் என்பவர்களுக்கு 106 ஏமாற்றமளிக்கலாம். அவர்கள் வேறு கருவியைத் தேடுவதே நல்லது.

இந்தியாவில கிடைக்குமா, ஜப்பான்ல இருந்துதான் வரவழைக்கணுமா?

இங்கே எப்போதாவது கிடைக்கும். ஸ்டூடியோக்களும் மெல்லிசைக் குழுக்களும் வைத்திருந்தவை கைமாறி வருவதுண்டு. ஆனால் காத்திருக்கப் பொறுமை வேண்டும். ஜப்பான் இது தயாரான நாடு என்பதால் அங்கே புழக்கம் அதிகம். யாஹூ ஏலத் தளத்திலும் ஹார்ட் ஆஃப் போன்ற பழைய பொருள் கடைகளிலும் அடிக்கடி வரும். அங்கிருந்து வெளிநாட்டுக்கு அனுப்ப விற்பவர்கள் பெரும்பாலும் சம்மதிப்பதில்லை என்பதால் பையீ போன்ற இடைத்தரகு சேவை வழியாக வாங்க வேண்டியிருக்கும்.

ஜப்பானிய விளம்பரங்களில் 'ஜங்க்' என்று குறிக்கப்பட்டிருந்தால், 'வேலை செய்யும் என்று நான் உத்தரவாதம் தரவில்லை, திருப்பி எடுக்கமாட்டேன்' என்று பொருள். சில சமயம் கருவி நன்றாகவே இருக்கும். சோதித்துப் பார்க்க விற்பவருக்கு விருப்பமில்லாமல் அப்படிப் போட்டிருப்பார். சில சமயம் உள்ளே பாதி இருக்காது. பழுதுபார்க்கத் தெரியாதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

சுமார் 10 கிலோ எடையும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள பெட்டிக்கு விமானக் கட்டணம் கணிசமாகவே வரும். சுங்க வரி பொருளின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் சேர்த்த தொகைக்கே கணக்கிடப்படும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பயன்படுத்திய பொருள்களின் இறக்குமதிக்குத் தனி விதிகள் இருப்பதால், பணம் கட்டுவதற்கு முன்பே கூரியர் நிறுவனத்திடமோ சுங்க முகவரிடமோ கேட்டுத் தெளிவு பெறுங்கள். விலையைப் பொறுத்தவரை, ரிவெர்ப் போன்ற இசைக்கருவி விற்பனைத் தளங்களில் கேட்கப்படும் விலையைப் பார்க்காமல், விற்று முடிந்த விலைகளைப் பாருங்கள். கேட்கும் விலை விற்பவரின் ஆசை மட்டுமே.

விற்பவர் 'எல்லாம் பக்காவா வேலை செய்யுது' என்கிறார். நேரில் போனால் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் ஸ்விட்சைப் போட்டு வைத்துவிட்டு அரைமணி நேரம் பேசிக்கொண்டிருங்கள். 106இன் குறைகள் பல, கருவி சூடேறிய பிறகுதான் வெளிப்படும். விற்பவர் ஐந்து நிமிடத்தில் காட்டிவிட்டு மூட அவசரப்பட்டால் சந்தேகப்படலாம்.

அடுத்து, கருவியை அணைத்துவிட்டு, கீ டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே மீண்டும் ஸ்விட்சைப் போடுங்கள். கருவி சோதனை நிலைக்குப் போகும். இப்போது ஒவ்வொரு கட்டையை அழுத்தும்போதும் ஆறு குரல்களில் எது ஒலிக்கிறது என்ற எண் திரையில் தெரியும். ஃபில்டரை முழுவதும் திறந்து, ஒலியை அகலமாக்கும் கோரஸை அணைத்து, ரம்பப் பல் வடிவிலான ரம்ப அலையை மட்டும் வைத்துக்கொண்டு, 1 முதல் 6 வரை எல்லா எண்களும் வரும்வரை கட்டைகளை மாற்றி மாற்றி அழுத்திக் கேளுங்கள். ஒரு குரல் மட்டும் மெலிந்தோ, கரகரத்தோ, கையை எடுத்த பிறகும் அடங்காமலோ இருந்தால் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அலைகளை எல்லாம் அணைத்து, சப் (ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் அலை), நாய்ஸ் (இரைச்சல்) ஸ்லைடர்களைக் கீழே இறக்கி, ஃபில்டரைப் பாதி அளவுக்கு மூடி, ஃபில்டர் வெட்டும் இடத்தை அழுத்திக் காட்டும் ரெசனன்ஸை 10க்கு ஏற்றுங்கள். ஃபில்டர் தானாகவே சீழ்க்கை அடிக்கும். ஆறு குரல்களின் சீழ்க்கையும் ஏறக்குறைய ஒரே சுருதியில் இருக்க வேண்டும். ஒன்று விலகி நின்றால் அளவமைப்பு கலைந்திருக்கிறது, அல்லது சிப் போய்க்கொண்டிருக்கிறது. கோரஸின் இரண்டு நிலைகளையும் இரண்டு வெளியீடுகளிலும் கேட்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கோரஸ் எல்லாக் குறையையும் மறைத்துவிடும், முதலிலேயே அதைப் போட்டுக் காட்டும் விற்பனையாளர் அதை அறிந்தவராகவும் இருக்கலாம்.

ஸ்லைடர்களில் ஒரு நுட்பம் உண்டு. 106இன் ஒலி ஸ்லைடர்கள் ஒலியை நேரடியாகத் தொடுவதில்லை. அவற்றின் நிலை எண்ணாக மாற்றப்பட்டு உள்ளே போகிறது. ஆகவே தூசி படிந்த ஸ்லைடர் ரேடியோவைப் போலக் கரகரக்காது. மெதுவாக நகர்த்தும்போது ஒலி திடீரென்று ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும். ஒவ்வொன்றையும் கீழிருந்து மேலாக மெல்ல நகர்த்திப் பாருங்கள். பிறகு 61 கட்டைகளையும் ஒன்றுவிடாமல் அழுத்துங்கள், சுருதியை வளைக்கும் பெண்டர் லீவரை இருபுறமும் தள்ளுங்கள், அடிப்பக்கத் திருகுகளில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். திருகில் துரு இருந்தால் உள்ளே பலகையும் ஈரம் பார்த்திருக்கும்.

நேரில் போக முடியாது. வீடியோ அனுப்பச் சொன்னால் போதுமா?

மேலே சொன்ன வரிசையிலேயே, வெட்டி ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுத்த வீடியோ கேளுங்கள்: சோதனை நிலையில் திரை எண் தெரிய வேண்டும், கோரஸ் அணைந்திருக்க வேண்டும், அரைமணி நேரம் இயங்கிய பிறகு எடுத்ததாக இருக்க வேண்டும். மின்னழுத்தம் அச்சிட்ட பின்பக்கத் தகட்டின் படமும் தேவை. இதை மறுப்பவரிடம், 'குறை இருக்கலாம்' என்ற விலைக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை.

ஒரு குரல் மட்டும் கரகரங்குது, சில சமயம் வர்றதே இல்லை. அவ்வளவுதானா?

அவ்வளவு இல்லை, 106இன் மிகப் பழகிப்போன நோய் இது. ஒவ்வொரு குரலுக்கும் 80017ஏ என்ற எண்ணுள்ள ஒரு பாகம், ஆக மொத்தம் ஆறு. ஃபில்டரும் ஆம்ப்ளிஃபையரும் அந்தச் சிறு பலகையில் சேர்ந்தே இருக்கின்றன. அதன்மேல் எபாக்ஸிப் பூச்சு. ஆண்டுகள் போகப் போக அந்தப் பூச்சின் ஊடாக மின்கசிவு ஏற்படுவதால் உள்ளிருக்கும் நுண்ணிய அளவுகள் கலைந்துபோகின்றன என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அதற்கேற்றபடி, பாகத்தைக் கழற்றி அசிட்டோனில் ஊறவைத்துப் பூச்சை உரித்துவிட்டு மறுபடி பொருத்தினால் பல சமயம் உயிர் வந்துவிடுகிறது. மீளாதவற்றுக்குப் பதிலாகப் பொருத்த, அதே வேலையைச் செய்யும் புதிய பாகங்களும் இன்று கிடைக்கின்றன.

இரண்டில் எதைச் செய்தாலும் சால்டரிங் வேலை உண்டு; பழைய பலகையில் அதிகச் சூடு காட்டினால் செம்புத் தடம் பெயர்ந்துவிடும். பொருத்திய பிறகு அந்தக் குரலின் ஃபில்டர், ரெசனன்ஸ் அளவுகளை மற்றக் குரல்களோடு ஒத்துப்போகும்படி திருகிச் சரிசெய்ய வேண்டும். கை பழகாதவர்கள் டெக்னீஷியனிடம் கொடுப்பதே மேல். ஒரு குரல் போனால் மற்றவையும் வரிசையில் நிற்கின்றன என்று கருதி, ஆறையும் ஒரே தடவையில் செய்து முடிப்பது சிக்கனம் என்பது என் கருத்து. ஏற்கெனவே ஆறும் மாற்றப்பட்ட கருவிக்குச் சற்று அதிக விலை கேட்டால் அது நியாயமான விலைதான். 'அசல் பாகங்கள், இதுவரை திறக்கவே இல்லை' என்பதை 106இல் பெருமையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஜப்பான் கருவி 100 வோல்ட்டாமே. நம்ம வீட்டு பிளக்கில செருகலாமா?

செருகவே கூடாது. 230 வோல்ட்டை நேரடியாகக் கொடுத்தால் உள்ளிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் மின்வழங்கிப் பகுதியும் போய்விடும். ரோலண்ட் 106ஐ நாட்டுக்கு நாடு வேறு மின்னழுத்தத்தில் விற்றது. பின்பக்கத் தகட்டில் எழுதியிருப்பதையே நம்புங்கள், விற்பவரின் ஞாபகத்தை நம்ப வேண்டாம். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும்போதும் கவனம் தேவை: நம் கடைகளில் எளிதாகக் கிடைப்பவை அமெரிக்கப் பொருள்களுக்கான 110 வோல்ட் வகை. 100 வோல்ட் கருவிக்கு அது பத்து சதவீதம் அதிகம். இரவில் நம் தெரு மின்னழுத்தம் ஏறும் நேரங்களில் இன்னும் கூடும். 100 வோல்ட் தருவதையே கேட்டு வாங்குங்கள். 100 விஏ திறன் தாராளமாகப் போதும். விலை மலிவான ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரைவிட, இரண்டு சுற்றுகளும் தனித்தனியாக உள்ள ஐசொலேஷன் வகை பாதுகாப்பானது.

ஹெர்ட்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். ஜப்பானின் கிழக்கில் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60 ஹெர்ட்ஸ் என்று ஒரே நாட்டுக்குள் இரண்டும் இருப்பதால், அங்கே விற்ற கருவி இரண்டுக்கும் பொருந்தும்படியே செய்யப்பட்டது. நிரந்தரமாக வைத்துக்கொள்ளப்போகிறவர்கள், உள்ளிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரையே 230 வோல்ட் வகைக்கு மாற்றிக்கொள்ளலாம். அது டெக்னீஷியன் வேலை.

வீட்டுக்கு வந்ததும் முதல்ல என்ன செய்யணும்?

உள்ளிருக்கும் ஒலிகளைப் பிரதி எடுங்கள், பிறகு பேட்டரியைப் பாருங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. 128 ஒலிகளையும் காத்து நிற்பது சிஆர்2032 என்ற 3 வோல்ட் காசு பேட்டரி. அதைக் கழற்றினால் நினைவகம் அழிந்துவிடும். பின்பக்கம் டேப் சேவ், லோட் துளைகள் இருக்கின்றன. அக்காலத்தில் கேசட்டில் பதிந்தார்கள். இப்போது கம்ப்யூட்டரில் சுருக்கப்படாத வேவ் கோப்பாகப் பதிந்துகொள்ளலாம். எம்பி3யாகச் சுருக்கினால் திரும்பப் படிக்காமல் போக வாய்ப்புண்டு.

பழைய பேட்டரி பலகையோடு சால்டர் செய்யப்பட்டிருக்கும். அதை எடுத்துவிட்டு ஒரு ஹோல்டரைப் பொருத்திவிட்டால் அடுத்த முறை யாருடைய உதவியும் வேண்டியதில்லை. பேட்டரியின் மேலேயே சால்டரிங் அயர்னை வைக்கக் கூடாது, வெடிக்கலாம். மூடியைத் திறக்கும் முன் பிளக்கைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிடுங்கள். ஸ்விட்சை அணைத்தாலும் மின்சாரம் உள்ளே வந்துகொண்டுதான் இருக்கும். வாங்கிய கருவியில் ஒலிகள் கன்னாபின்னாவென்று இருந்தால் பெரும்பாலும் பேட்டரி இறந்ததே காரணம். தொழிற்சாலை ஒலிகளின் கோப்பு இணையத்தில் புழங்குகிறது, அதை லோட் செய்துகொள்ளலாம்.

கோர்க் பாலிசிக்ஸ் அல்லது பாலி-61 வாங்கியவர்கள் இதைப் படித்தால், இன்றே திறந்து பார்த்துவிடுங்கள். அவற்றிலிருப்பது நிக்கல் காட்மியம் பேட்டரி. அது கசிந்து பலகையையே அரித்துவிடும். 106இல் அந்த ஆபத்து இல்லை.

எல்லாக் கெப்பாசிட்டரையும் மாத்திடுன்னு நண்பர் சொல்றார். மாத்தணுமா?

குறையில்லாமல் இயங்கும் கருவியில் மொத்தமாக மாற்றுவதை நான் ஆதரிக்கவில்லை. மின்வழங்கியில் +15, -15, +5 வோல்ட் சரியாக வருகிறதா, இரைச்சல் ஏறியிருக்கிறதா என்று அளந்து பார்த்து, தேவைப்பட்டால் அந்தப் பகுதியில் மட்டும் மாற்றினால் போதும். நூறு இடத்தில் சால்டரிங் செய்தால் நூறு இடத்தில் புதுக் கோளாறு வரவும் வழி உண்டு.

ஸ்லைடர்களைப் பார்த்தாலே தலை சுத்துது. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

சேமித்த ஒலிகளை ஓரமாக வைத்துவிட்டு மேனுவல் பட்டனை அழுத்துங்கள். இப்போது முகப்பில் ஸ்லைடர்கள் எப்படி நிற்கின்றனவோ அதுவே ஒலி. ஒலியளவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கீழே இறக்கி, ரம்ப அலையை மட்டும் போட்டு, விசிஏவை (ஆம்ப்ளிஃபையரை) கட்டை அழுத்தியிருக்கும்வரை மட்டும் ஒலிக்கும் கேட் நிலையில் வைத்து, ஃபில்டர் ஃபிரீக்வென்சியை 10க்கு ஏற்றுங்கள். கேட்பதற்கு வண்டு ரீங்காரம் போலக் கூர்மையாக இருக்கும். ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு ஃபிரீக்வென்சியை மெல்ல இறக்குங்கள். 5 அளவில் முனை மழுங்கி, 3 அளவில் ஆர்மோனியத்தின் கீழ்ஸ்தாயிபோல் உருண்டு, பிறகு மறைந்துபோகும். இப்போது ரெசனன்ஸை 6க்கு வைத்து அதே பயணத்தை மறுபடி செய்யுங்கள். வழியில் ஒவ்வொரு மேல்ஸ்வரமும் தனித்தனியாகத் தலைகாட்டிவிட்டுப் போவது கேட்கும். இந்த ஒரு பயிற்சியில் கற்பதைப் பத்து வீடியோக்களும் கற்பிப்பதில்லை.

அடுத்து, ஒலி எழுந்து அடங்கும் விதத்தை அமைக்கும் என்வலப். விசிஏவை என்வலப் நிலைக்கு மாற்றி, அட்டாக் 4, சஸ்டெயின் 8, ரிலீஸ் 5 வைத்தால் ஒலி மெல்ல எழுந்து மெல்ல அடங்கும். சதுர அலையையும் சேர்த்துப் போட்டு, அதன் அகலத்தை எல்எஃப்ஓ (மெதுவாக ஊசலாடும் துணை அலை) அசைக்கும்படி வைத்து, ஃபில்டரை 5 அளவில் நிறுத்தி, கோரஸ் 1ஐப் போடுங்கள். எண்பதுகளின் திரையிசையில் கேட்டுப் பழகிய அந்தப் பரந்த, மெத்தென்ற பின்னணி ஒலி கையருகே வந்துவிடும். இதையே பேஸ் ஒலியாக்க, அட்டாக்கையும் சஸ்டெயினையும் 0 ஆக்கி, டிகேயை 4இல் நிறுத்தி, சப் ஆசிலேட்டரை முழுவதும் ஏற்றி, ஃபில்டரை 2க்கு இறக்கி, என்வலப் அதை 5 அளவுக்குத் திறக்கும்படி வையுங்கள். பாலி 1, பாலி 2 பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் ஆறு குரலும் ஒரே ஸ்வரத்தில் குவியும். சிறிய ஸ்பீக்கரில் இதைச் செய்யும்போது ஒலியளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சேமித்த ஒலியைத் திருத்தும்போது ஒரு குழப்பம் வரும்: ஸ்லைடர் நிற்கும் இடத்துக்கும் சேமித்த மதிப்புக்கும் தொடர்பிருக்காது, நீங்கள் தொட்டவுடன் ஒலி ஸ்லைடரின் இடத்துக்குத் தாவும். அது பழுதன்று. முன்பு சொன்ன தூசித் தாவலோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கோரஸ் போட்டா 'உஸ்'னு இரைச்சல் வருது. ரிப்பேரா?

ஓரளவு இரைச்சல் இயல்பு. கோரஸ், எம்என்3009 என்ற இரண்டு சிப்களின் வழியாக ஒலியைக் கைமாற்றிக் கைமாற்றித் தாமதப்படுத்துகிறது. அந்த வகைச் சிப்களுக்கே இரைச்சல் உண்டு. இரண்டாம் நிலையில் அது இன்னும் தெளிவாகக் கேட்கும். பின்பக்க லெவல் ஸ்விட்சை எச் நிலையில் வைத்து, மிக்சரில் ஏற்றத்தைக் குறைத்தால் வெளியிலிருந்து நுழையும் இரைச்சலாவது குறையும். வலது, இடது வெளியீடுகளில் ஒன்றில் மட்டும் இரைச்சல் அதிகமாக இருந்தால் அப்போது பார்க்க வேண்டும்.

நான் கர்நாடக சங்கீதம் வாசிக்கிறவன். இதில கமகம் வருமா? சுருதி மாத்தலாமா?

சுருதி மாற்றலாம். கீ டிரான்ஸ்போஸ் பட்டனைப் பிடித்துக்கொண்டு நீங்கள் விரும்பும் கட்டையை அழுத்தினால் கருவி முழுவதும் அந்த அளவுக்கு நகரும். ஒரு கட்டை சுருதிக்கு விரல் பழகியவர் அதே விரலமைப்பில் இரண்டு கட்டையிலோ ஐந்து கட்டையிலோ வாசிக்கலாம். நுண்ணிய திருத்தத்துக்கு டியூன் குமிழ் இருக்கிறது. ஆனால் ஸ்வர இடைவெளிகள் சம அளவில் பிரிக்கப்பட்டு நிலையாக அமைந்தவை. ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியே நகர்த்த வழியில்லை.

கமகத்துக்குப் பெண்டர் லீவர்தான் துணை. எவ்வளவு வளைய வேண்டும் என்பதை அதன் பக்கத்திலுள்ள ஸ்லைடரில் அமைத்துக்கொண்டு, இடக்கையால் லீவரை அசைத்துப் பழக வேண்டும். ஜாரு போன்ற வழுக்கலுக்குப் போர்ட்டமென்டோவைச் சிறிய அளவில் வைத்துப் பார்க்கலாம். கம்பிதத்தை எல்எஃப்ஓவிடம் ஒப்படைக்காதீர்கள். அது இயந்திரத்தனமாக ஒரே அளவில் ஆடும், கேட்பவர் இரண்டே விநாடியில் கண்டுகொள்வார். இன்னொன்று, கட்டையை அழுத்தமாகத் தொட்டாலும் மெதுவாகத் தொட்டாலும் 106 ஒரே அளவில்தான் ஒலிக்கும். தொடு உணர்வு இதில் இல்லை.

கம்ப்யூட்டரோட இணைக்க முடியுமா?

முடியும். யுஎஸ்பி மிடி இன்டர்ஃபேஸ் ஒன்று போதும். பின்பக்கம் மிடி ஃபங்ஷன் ஸ்விட்ச் மூன்று நிலைகளில் இருக்கும். மூன்றாம் நிலையில் வைத்தால் ஸ்லைடர் அசைவுகளும் சிஸ்எக்ஸ் என்ற வகை மிடி செய்தியாக வெளியே போகும். அவற்றைப் பதிந்து மறுபடி ஒலிக்கலாம், ஒலிகளைப் பிரதி எடுக்கவும் இதைப் பயன்படுத்தலாம். இணைத்த உடனே ஸ்வரங்கள் இரட்டையாக ஒலித்துக் குரல்கள் தீர்ந்துபோனால், உங்கள் மென்பொருள் வாங்கிய ஸ்வரத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதை அங்கேயே அணைத்துவிடுங்கள்.

சென்னை உப்புக்காத்தில தாங்குமா?

அன்றாடம் வாசிக்கும் கருவி தாங்கும். பரணில் ஏற்றிய கருவிதான் தாங்காது. வாரம் ஓரிரு முறையாவது ஒரு மணி நேரம் இயக்கி, எல்லா ஸ்லைடர்களையும் மேலும் கீழும் நகர்த்துங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளும். பருத்தித் துணி நல்லது. பெட்டியில் வைப்பதானால் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள். சமையலறைக்கு அடுத்த அறையில் வைக்க வேண்டாம்: பழைய கருவியின் கதகதப்பான உட்புறம் கரப்பான்பூச்சிக்கு மிகவும் பிடித்த இடம், அதன் எச்சம் பலகையை அரிக்கும்.

இதே ஒலி சாஃப்ட்வேரில வருதே. பிறகு எதுக்கு இவ்வளவு செலவும் சிரமமும்?

பாடலில் கலந்து கேட்கும்போது நல்ல சாஃப்ட்வேருக்கும் அசல் கருவிக்கும் வேறுபாடு சொல்வது கடினம். ரோலண்டே ஜேயூ-06ஏ என்ற சிறிய டிஜிட்டல் கருவியை 2019இல் வெளியிட்டது. அதில் குரல்கள் நான்குதான் என்றாலும் பழுதுத் தொல்லை இல்லை. ஒலி மட்டும் தேவை என்றால் அந்த வழியே போதும். 80017ஏ பற்றிய பதிலைப் படித்ததுமே மனம் தளர்ந்தவர்களுக்கும் அதைத்தான் சொல்வேன்.

பழைய கருவியை வைத்துக்கொள்ள எனக்குத் தோன்றும் நியாயம் வேறு. ஒரே ஒரு எல்எஃப்ஓ, ஒரே ஒரு என்வலப், ஆறே குரல் என்ற கட்டுப்பாட்டுக்குள் கை போய்ப் பழகும்போது, எந்த ஸ்லைடர் எந்த மாற்றத்தைச் செய்யும் என்று காது முன்கூட்டியே சொல்லத் தொடங்குகிறது. சாஃப்ட்வேரில் ஆயிரம் தயார் ஒலிகள் இருக்கும்போது இந்தப் பழக்கம் வருவது அரிது. அதற்காக அந்தச் செலவு தகுமா என்பது அவரவர் பணப்பையையும் பொறுமையையும் பொறுத்தது.

வாங்கின பிறகு ஒத்துவரலைன்னா விக்க முடியுமா?

நல்ல நிலையில் உள்ள 106க்கு வாங்குபவர் கிடைப்பார். கழற்றிய பழைய 80017ஏ பாகங்களையும் பழுதுபார்த்த ரசீதையும் பத்திரமாக வைத்திருந்து கருவியோடு கொடுங்கள். மின்னழுத்தம் மாற்றப்பட்டிருந்தால் பின்பக்கத் தகட்டின் அருகிலேயே புதிய அளவை எழுதி ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்தவர் தகட்டைப் பார்த்து 100 வோல்ட் கொடுத்துவிட்டு 'கருவி இயங்கவில்லை' என்று உங்களைத் தேடுவார். பொட்டலம் கட்டும்போது எல்லா ஸ்லைடர்களையும் கீழே இறக்கி, அவற்றின்மேல் எதுவும் அழுத்தாதபடி விளிம்புகளில் மட்டும் தடித்த ஃபோம் வைத்து, பெண்டர் லீவரைச் சுற்றி இடம்விட்டுக் கட்டுங்கள். அனுப்பும் வழியில் முதலில் உடைவது அந்த லீவரும் ஸ்லைடர் தண்டுகளும்தான்.